கையில் 28 லட்சம், மைத்துனரிடம் படகு: ஸ்கூபா கடை போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. சொந்த ஊர் மண்டபம். கத்தாரில் பதினோரு வருடம் ஏசி டெக்னீஷியனாக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். கையில் 28 லட்சம் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் ஸ்கூபா டைவிங் நன்றாக ஓடும் என்று தோன்றுகிறது. வருடத்தில் 300 நாள், நாளைக்கு 10 பேர், தலைக்கு 3,500 என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். நீச்சல் தெரியும், ஸ்கூபா செய்ததில்லை. இன்ஸ்ட்ரக்டரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை. மைத்துனரிடம் பைபர் படகு இருக்கிறது. தூத்துக்குடியில் ஒரு பழைய தொழிற்சாலை கம்ப்ரசர் மலிவாக வருகிறது. கம்ப்ரசர் வேலை எனக்கு அத்துப்படி. முதலில் எதை வாங்க வேண்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். அந்தக் கம்ப்ரசரை நிச்சயமாக வாங்காதீர்கள். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் 300 நாள் கணக்கைப் பார்த்துவிடலாம். அந்த எண் தப்பாக இருந்தால் மற்ற எந்தக் கணக்கும் தேறாது.

நீங்கள் மண்டபத்துக்காரர். மன்னார் வளைகுடா ஆண் கடல், பாக் விரிகுடா பெண் கடல் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பீர்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் மே முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அடங்காது. அந்த மாதங்களில் பாக் விரிகுடாப் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். ஆனால் அங்கே தரை சேறும் பாசியும். ஒருவர் காலில் மாட்டிய துடுப்பை இரண்டு முறை அடித்தால் போதும், கலங்கல் எழுந்து பக்கத்தில் இருப்பவரின் கை தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் எச்சரிக்கை, வாடை. மிஞ்சுவது ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை. அதிலும் காற்று திரும்பும் நாள், தண்ணீர் கலங்கும் நாள், நீவாடு எனும் நீரோட்டம் இழுக்கும் நாள் என்று கால்வாசி போய்விடும். பெண் கடலில் கரையோரப் பயிற்சிக்கும் ஸ்நார்கலிங்குக்கும் கொஞ்சம் நாள் கிடைக்கும். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 110 நாளுக்கு மேல் நான் எழுதமாட்டேன்.

அந்த 110 நாளிலும் தினம் பத்துப் பேர் வரமாட்டார்கள். ராமேஸ்வரத்துக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு, தனுஷ்கோடி பார்த்துவிட்டு அன்றே கிளம்புகிற கூட்டம். சனி, ஞாயிறு, விடுமுறை என்று 35 நாள் முழுதாக நிரம்பும், மற்ற 75 நாளில் நாலு பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இன்ஸ்ட்ரக்டர், ஆளுக்கு இரண்டு விருந்தினர், மூன்று சுற்று என்றால் நிரம்பிய நாளில் 12 பேர். 420-ம் 300-ம் சேர்த்து வருடத்துக்கு 720 பேர். தலைக்கு 3,500 என்றால் 25 லட்சத்து 20 ஆயிரம். உங்கள் கணக்கில் அது ஒரு கோடியே ஐந்து லட்சம்.

இனி செலவு. இரண்டு இன்ஸ்ட்ரக்டருக்கு மாதம் 40,000 வீதம் வருடம் முழுக்கக் கொடுத்தால் 9.6 லட்சம். இன்ஸ்ட்ரக்டருக்கு அடுத்த நிலையில் டைவர்களை வழிநடத்தும் டைவ்மாஸ்டருக்கு 25,000 வீதம் 3 லட்சம். படகோட்டி, உதவியாள் இருவருக்கும் 20,000 வீதம் 4.8 லட்சம். டீசல், வாடகை, சர்வீஸ், இன்சூரன்ஸ் என்று ஐந்தரை லட்சம். பாதிப் பேரை ஹோட்டல்காரர்களும் வண்டிக்காரர்களும் அனுப்புவார்கள்; அவர்களுக்கு 20 சதவீதம் என்றால் இரண்டரை லட்சம். மொத்தம் 25 லட்சத்து 40 ஆயிரம். வருடம் முழுக்க உழைத்து, 20,000 ரூபாய் கைநஷ்டம். உங்கள் சம்பளம் இதில் சேரவில்லை. சம்பளமும் கமிஷனும் உங்கள் ஊர் நிலவரப்படி மாறும், போட்டுப் பாருங்கள். கணக்கின் வடிவம் மாறாது. விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வரும். 3,500 என்பது வரியோடா, வரி இல்லாமலா என்பதை விலைப்பலகை எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள்.

இதே கணக்கில் டைவ்மாஸ்டர் வேலையை நீங்களே பார்த்து, இன்ஸ்ட்ரக்டர்களை ஆறு மாதத்துக்கு மட்டும் அமர்த்தினால் 7 லட்சத்து 80 ஆயிரம் குறைகிறது. மிச்சம் ஏழரை லட்சத்துக்குப் பக்கம். முதலாளி தண்ணீருக்குள் இறங்கும் ஆளா இல்லையா என்பதில்தான் இந்தத் தொழிலின் லாபம் முழுக்க இருக்கிறது.

பணம் ஒரு பக்கம். தெரியாத தொழிலில் சம்பளத்துக்கு ஆள் வைப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. காலை ஏழு மணிக்குப் பத்துப் பேர் பணம் கட்டிவிட்டு நிற்கிறார்கள். நேற்று ஐந்து மீட்டர் தெரிந்த தண்ணீர் இன்றைக்கு இரண்டு மீட்டர்தான் தெரிகிறது. இன்ஸ்ட்ரக்டர் 'இன்னைக்கு வேணாம்ணே' என்கிறார். அவர் சரியாகச் சொல்கிறாரா, அலுப்பில் சொல்கிறாரா? உங்களுக்குத் தெரியாது. இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: அவர் 'போலாம்ணே, பாத்துக்கலாம்' என்று சொல்லி ஆளுக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறார். அப்போதும் உங்களுக்குத் தெரியாது. சீசன் நடுவில் அவருக்கு அந்தமானிலிருந்து போன் வந்து கிளம்பிவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

ஆகவே முதல் செலவு உங்கள் மேல்தான். தொடங்கும் முன் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரையும் ஒரு பொது மருத்துவரையும் பாருங்கள். செவிப்பறையில் ஓட்டையோ ஆஸ்துமாவோ இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பிறகு ஓப்பன் வாட்டர் எனும் முதல் நிலைப் படிப்பு: மூன்று நான்கு நாள், குளத்திலோ ஆழமில்லாத இடத்திலோ பயிற்சி, கடலில் நான்கு டைவ், 18 மீட்டர் வரை போகும் தகுதி. நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். அடுத்து அட்வான்ஸ்டு, 30 மீட்டர் வரை. அதன்பின் முதலுதவியோடு சேர்த்து, ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றும் ரெஸ்க்யூ. இந்த ரெஸ்க்யூ படிப்பை அவசரமாக முடித்துவிடாதீர்கள். மற்றதையெல்லாம் விட உங்களுக்குத் தேவைப்படப் போவது இதுதான். பாடி (PADI) என்ற சர்வதேசப் பயிற்சி அமைப்பின் முறையில் டைவ்மாஸ்டர் பயிற்சியைத் தொடங்க 40 டைவ், முடிக்க 60 டைவ் கணக்கில் இருக்க வேண்டும். எஸ்எஸ்ஐ போன்ற மற்ற அமைப்புகளிலும் ஏறக்குறைய இதே படிகள்தாம். புதுச்சேரி, அந்தமானின் ஹேவ்லாக், கர்நாடகத்தில் முருதேஸ்வரம் பக்கம் நேத்ராணி, கடல் தாண்டினால் திருகோணமலை என்று படிக்க இடங்கள் உண்டு. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் படிக்காதீர்கள். அந்தமானின் தெளிந்த தண்ணீரில் மட்டும் அறுபது டைவ் போட்டவர் நம் கலங்கலில் தடுமாறுவார். புதுச்சேரியில் போட்டவர் அவ்வளவு தடுமாறமாட்டார்.

டைவ்மாஸ்டர் ஆனதும் வேறொருவர் கடையில் ஒரு சீசன் முழுக்க வேலை பாருங்கள். சம்பளம் கேட்காதீர்கள், தங்க இடமும் சாப்பாடும் போதும். சிலிண்டர் தூக்குவது, காற்று அடிப்பது, பயந்து அழுகிற ஆளைச் சமாதானப்படுத்துவது, கடல் சரியில்லை என்று பணத்தைத் திருப்பிக் கொடுப்பது, எல்லாவற்றையும் அங்கேதான் பார்க்க முடியும். இதுவரை ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகியிருக்கும். இன்ஸ்ட்ரக்டர் ஆக வேண்டுமானால் நூறு டைவும், டைவர் சான்றிதழ் வாங்கி ஆறு மாதமும் தேவை. அதைப் பிறகு முடிவு செய்யலாம். ஆனால் ஒன்று: டைவ்மாஸ்டர் சான்றிதழை வைத்துக்கொண்டு, முன்பின் டைவ் செய்யாத சுற்றுலாப் பயணியை நீங்கள் தனியாகக் கடலில் இறக்க முடியாது. அதற்கு இன்ஸ்ட்ரக்டர்தான் வேண்டும். உங்களிடம் வரப்போவதில் பத்துக்கு ஒன்பது பேர் அந்த வகைதான்.

இனி அந்தக் கம்ப்ரசர். பட்டறைக் கம்ப்ரசர் 8, 10 பார் அழுத்தம் கொடுக்கும். ஸ்கூபா சிலிண்டருக்கு 200 பார் வேண்டும். மூன்று அல்லது நான்கு கட்டமாக அழுத்தி, கட்டத்துக்குக் கட்டம் குளிரவைத்து, தண்ணீரைப் பிரித்து, கடைசியில் வடிகட்டிக் குழாய் வழியாக அனுப்பும் சுவாசக் காற்றுக் கம்ப்ரசர் தனி இனம். பாவர், கோல்ட்ரி போன்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். அழுத்தம் மட்டும்தான் பிரச்சினை என்றால் நீங்கள் ஏதாவது வழி பண்ணிவிடுவீர்கள். உண்மையான பிரச்சினை எண்ணெய். சாதாரண எண்ணெய் அதிகச் சூட்டில் கருகினால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது. தரையில் பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தால் பெரிதாகத் தெரியாமலே போய்விடலாம். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு, உடம்புக்கு அது 30 பங்கு மாதிரி வேலை செய்யும். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 12021 கார்பன் மோனாக்சைடுக்குப் பத்து லட்சத்தில் 5 பங்கும், கார்பன் டை ஆக்சைடுக்கு 500 பங்கும், எண்ணெய்க்கு ஒரு கன மீட்டருக்கு அரை மில்லிகிராமும் உச்சவரம்பாக வைத்திருக்கிறது. உங்கள் இயந்திரம் இதைத் தாண்டாமல் காற்று கொடுக்கிறதா என்று அளந்து பார்த்துக் காகிதத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஏசி வேலை பார்த்தவருக்கு அடுத்த விஷயம் சட்டென்று பிடிபடும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவி பிடிக்கும், 40 டிகிரியில் சுமார் 51 கிராம். கம்ப்ரசரோடு வரும் புத்தகத்தில் வடிகட்டி இத்தனை மணி நேரம் உழைக்கும் என்று எழுதியிருப்பது 20 டிகிரிக் கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே, மண்டபத்துப் புழுக்கத்தில் அது மூன்றில் ஒரு பங்கு உழைத்தால் அதிகம். ஈரம் ஏறிய வடிகட்டி வேலை செய்வது போலவே சத்தம் போடும், வேலை செய்யாது. அதனால் மணிக் கணக்கை நோட்டில் எழுதி, வெப்பத்துக்கு ஏற்ப முன்கூட்டியே மாற்றுங்கள். நீர் வடிப்பானைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்துவிடுங்கள். காற்று இழுக்கும் குழாயை உயரத்தில், காற்று வரும் திசையில் வையுங்கள். பெட்ரோல் என்ஜின் கம்ப்ரசர் என்றால் புகைக்குழாய் காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். கச்சான் திரும்பி வாடை அடிக்கத் தொடங்கும் அன்று குழாயையும் திருப்ப வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு பெரிய கம்ப்ரசர்? புதிதாக இறங்குபவர் பதற்றத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வரை இழுப்பார். ஆறு மீட்டரில் அழுத்தம் 1.6 பார், ஆகவே 48 லிட்டர். 25 நிமிடத்துக்கு 1,200 லிட்டர். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் அது சுமார் 110 பார். ஒரு விருந்தினருக்கு ஒரு சிலிண்டர், ஊழியருக்கு இரண்டு சுற்றுக்கு ஒன்று என்று வைத்தால் நிரம்பிய நாளில் 16 சிலிண்டர் காலியாகும். எல்லாவற்றையும் திரும்ப நிரப்ப 19,000 லிட்டருக்கு மேல் வேண்டும். நிமிடத்துக்கு 100 லிட்டர் அடிக்கும் சிறிய கம்ப்ரசர் அதற்கு மூன்றேகால் மணி நேரம் எடுக்கும். சிலிண்டர் மாற்றுவது, நீர் வடிப்பது, இயந்திரத்தை ஆறவிடுவது எல்லாம் சேர்த்தால் நாலரை மணி. அதாவது சாயங்காலம் ஐந்துக்குத் தொடங்கினால் இரவு ஒன்பதரை. தொடக்கத்துக்கு இது தாங்கும். அவசரப்பட்டு வேகமாக அடிக்காதீர்கள். சூட்டோடு 200 காட்டும் சிலிண்டர் ஆறியதும் 180-க்கு இறங்கிவிடும், காலையில் வாடிக்கையாளர் மீட்டரைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்ப்பார்.

சிலிண்டர் வாங்கும்போது பெசோ ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். நாக்பூரில் தலைமையகம் உள்ள அந்த அமைப்புதான் எரிவாயு சிலிண்டர் விதிகள், 2016-ஐ நடைமுறைப்படுத்துகிறது. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த சிலிண்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். நிரப்பவும் இருப்பு வைக்கவும் உரிமம் தேவைப்படும் அளவு எது என்பதையும் அவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழுத்தில் குத்தியிருக்கும் ஹைட்ரோ எனும் தண்ணீர் அழுத்தச் சோதனைத் தேதியைப் படிக்கப் பழகுங்கள்: ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அந்தச் சோதனை, வருடத்துக்கு ஒரு முறை உள்ளே விளக்கு விட்டுப் பார்ப்பது. உப்புத் தண்ணீர் உள்ளே போன சிலிண்டர் வெளியே பளபளவென்றுதான் இருக்கும்.

மற்ற சாமான்களில் ஒரே யோசனை: எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல். எட்டு செட் போதும். சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் ரெகுலேட்டர் எட்டும் ஒரே மாதிரி இருந்தால் ஒரே சர்வீஸ் கிட் எட்டுக்கும் பொருந்தும். சேறும் மணலும் உள்ள இடத்துக்கு, அவை உள்ளே புகாதபடி மூடிய டயாஃப்ரம் வகை நல்லது. பிசிடி எனப்படும் மிதவைச் சட்டையில் ஸ்மால் இரண்டு, மீடியம் மூன்று, லார்ஜ் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று. சிலிண்டர் இருபது. சிலிண்டர் வால்வில் உட்காரும் 014 அளவு ஓ-ரிங் ஐம்பது வாங்கி, பத்தை எப்போதும் படகில் வையுங்கள். பத்து ரூபாய்ச் சாமான், வெடித்துச் சீறினால் ஒரு சுற்று வருமானம் போச்சு. புது மாஸ்க்கின் உள்பக்கம் தொழிற்சாலையிலிருந்தே ஒரு படலம் ஒட்டியிருக்கும். பற்பசை போட்டு நன்றாகத் தேய்க்காமல் கொடுத்தால் பனி மூடிக்கொண்டே இருக்கும். கண் தெரியாத புதியவருக்குப் பயம் வர வேறு காரணம் வேண்டாம்.

சாயங்காலம் சாமான் கழுவுவதைப் பையனிடம் விட்டுவிடாதீர்கள். ரெகுலேட்டரின் தூசி மூடியைத் துடைத்து, மாட்டிய பிறகே நல்ல தண்ணீரில் முக்க வேண்டும். முக்கியிருக்கும்போது வாயில் கவ்வும் பகுதியில் உள்ள பர்ஜ் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் குழாய் வழியாக உள்ளே ஏறி, சிலிண்டரில் மாட்டும் முதல் நிலைப் பகுதிக்குப் போய்விடும். பிசிடியின் காற்றேற்றும் பொத்தானைத் தண்ணீருக்குள் இருபது முறை அழுத்தி விடுங்கள். அதன் அடியில் உப்புப் படிந்தால் ஒருநாள் அழுத்தியது அழுத்தியபடியே நிற்கும். சட்டை ஊதிக்கொண்டே போக, ஆள் பலூன் மாதிரி மேலே கிளம்புவார். பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். சுமார் 1.2 மீட்டரிலிருந்து மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால்கூட நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. 'ஆழமில்லாத இடம், ஒண்ணும் ஆகாது' என்று உங்கள் ஆட்கள் சொல்வதை அனுமதிக்காதீர்கள். ஆழமில்லாத இடத்தில்தான் அழுத்த மாற்றம் அதிகம்.

காதும் அப்படித்தான். முதல் மூன்று மீட்டர்தான் கஷ்டம். நங்கூரம் கட்டிய கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் நின்று, மூக்கைப் பிடித்துக் காற்றை மெல்ல ஊதி, சைகை காட்டிய பிறகே அடுத்த முடிச்சு. வலித்த பிறகு ஊதினால் பயனில்லை. ஒரு முடிச்சு மேலே ஏறித்தான் ஊத வேண்டும். சளிக்கு மாத்திரை போட்டுவிட்டு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். கடலுக்குள் இருக்கும்போது மாத்திரையின் வீரியம் தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும். கீழேயும் இருக்க முடியாது, மேலேயும் வர முடியாது.

எடைப் பெல்ட் இன்னொரு இடம். அலுமினிய சிலிண்டரில் உள்ள காற்றுக்கே இரண்டரை கிலோவுக்கு மேல் எடை. 50 பாருக்கு வரும்போது இரண்டு கிலோ குறைந்திருக்கும், ஆள் மிதக்கத் தொடங்குவார். இதற்குப் பயந்து ஊழியர்கள் எல்லோருக்கும் எட்டுக் கிலோ கட்டிவிடுவார்கள். அவர் தரையோடு உரசிக்கொண்டு, சேற்றைக் கிளப்பிக்கொண்டு, பவளத்தில் முட்டி போட்டுக்கொண்டு போவார். 3 மில்லிமீட்டர் உடையும் அலுமினிய சிலிண்டருமாக, நடுத்தர உடம்புக்கு நாலிலிருந்து ஆறு கிலோ போதும்.

ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு நாலு புதியவர் என்று சர்வதேச விதி அனுமதிக்கிறதே என்பார்கள். அது உச்சவரம்பு, நல்ல தண்ணீருக்கு. நமக்கு ஐந்து மீட்டருக்கு மேல் தெரிந்தால் இருவர், மூன்று மீட்டர்தான் தெரிகிறதென்றால் ஒருவர், அதற்கும் கீழே என்றால் கரையில் டீ குடியுங்கள். அறுந்து கிடக்கும் தங்கூசி (நைலான் இழை) வலை மூன்று மீட்டர் தெளிவில் கண்ணுக்குத் தெரியாது. ஊழியர் ஒவ்வொருவரிடமும் வலை அறுக்கும் கத்தி இருக்க வேண்டும்.

மருத்துவப் படிவத்தைப் படகுத்துறையில் நீட்டாதீர்கள். அங்கே வந்து நின்றவர் ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றுதான் டிக் போடுவார். முன்பதிவின்போதே தமிழிலும் இந்தியிலும் வாட்ஸாப்பில் அனுப்புங்கள், பணம் வாங்கும் முன். ஒரு 'ஆம்' இருந்தாலும் மருத்துவர் கையெழுத்து வேண்டும். அதோடு ஒரு கேள்வி சேருங்கள்: 'அடுத்து எங்கே போகிறீர்கள்?' ஒரு டைவ் செய்தவர் 12 மணி நேரமும், பல டைவ் செய்தவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. மதுரையில் சாயங்கால விமானம் பிடிப்பவர்கள் உண்டு. காரில் நேராகக் கொடைக்கானல் போகிறவர்கள் அதைவிட அதிகம். 2,000 மீட்டருக்கு மேலே ஏறுவதும் உடம்புக்கு அதே கதைதான். பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அலட்சியத்துக்கு அது கவசம் ஆகாது. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு தனியாக எடுங்கள்.

ஆக்சிஜன் இல்லாமல் படகு கிளம்பக் கூடாது. டைவிங் விபத்தில் முதல் மருந்து அதுதான், நிமிடத்துக்கு 15 லிட்டர். 'பி' வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர், நூறு நிமிடம் வரும். டைவ் இடத்திலிருந்து கரைக்கு அரை மணி, கரையில் ஏற்றக் கால் மணி, ராமநாதபுரம் வரை 40 கிலோமீட்டருக்கு ஒரு மணி: 105 நிமிடம். ஆகவே இரண்டு சிலிண்டர். பெரிய மருத்துவமனைகளில் உள்ள ஹைபர்பாரிக் எனும் உயரழுத்த ஆக்சிஜன் அறை எல்லாமே டைவிங் நோயாளியை எடுத்துக்கொள்வதில்லை. பல இடங்களில் அது ஆறாத புண்ணுக்குச் சிகிச்சை தருவதற்கு மட்டும். எந்த அறை எடுக்கும், ஞாயிறு இரவு அழைத்தால் யார் வருவார்கள் என்று நேரில் போய்க் கேட்டு, எண்ணைப் படகிலும் கடையிலும் ஒட்டுங்கள். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, விஎச்எஃப் ரேடியோவின் 16-ம் அலைவரிசை ஆகியவையும் அதே தாளில்.

மைத்துனர் படகு விஷயம். மீன்பிடிப் படகு என்று பதிவான படகில் காசு வாங்கி ஆள் ஏற்ற முடியாது. விபத்து நடந்தால் காப்பீடு முதல் வரியிலேயே கைவிரித்துவிடும். பயணிகள் படகாக உரிமம் பெற முடியுமா என்று தமிழ்நாடு கடல்சார் வாரியத்திடம் கேளுங்கள். அதைவிட முன்னால் போக வேண்டிய இடம் ராமநாதபுரத்தில் உள்ள மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகம். 1986-ல் அறிவிக்கப்பட்ட பூங்கா, மண்டபம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், சுற்றியுள்ள கடல் உட்பட 560 சதுர கிலோமீட்டர். நீங்கள் மனதில் வைத்திருக்கும் நல்ல பார்கள், அதாவது கடலடிப் பவளப் பாறைகள், பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அனுமதியில்லாமல் நுழைவதே வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம். விருந்தினர் ஒருவர் செத்த பவளத் துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தால் அது தனிக் குற்றம். எல்லைக் கோடு தண்ணீரில் வரைந்திருக்காது. ஜிபிஎஸ் புள்ளிகளோடு வரைபடம் வாங்கி, எல்லைக்கு வெளியே டைவ் செய்யத் தகுந்த இடம் குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் இந்தத் திட்டத்தை மண்டபத்தில் வைக்காதீர்கள். வேறு ஊர் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை, ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே செய்யுங்கள்.

அந்த இரண்டு இடங்களைக் காட்டப் போகிறவர்கள் கீழக்கரை, தூத்துக்குடி சங்குகுளிகள். எந்தப் பார் எங்கே கிடக்கிறது, எந்த நீவாட்டில் எது தெளியும் என்பது அவர்களுக்குக் கைரேகை. அவர்களை வேலைக்கு எடுங்கள், நல்ல சம்பளம் கொடுங்கள். ஆனால் கம்ப்ரசர் குழாயைக் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் கீழே கிடந்து, சடாரென்று மேலே வருவதுதான் அவர்கள் பழக்கம். கை கால் மரத்துப்போனவர்கள் அந்தத் தெருக்களில் உண்டு. முதலில் ஓப்பன் வாட்டரிலிருந்து படிக்க வையுங்கள். அதுவரை வழிகாட்டியாக மேலே படகில் இருக்கட்டும். கடை திறந்த பிறகு 'புரொப்பல்லர்ல வலை சுத்திக்கிச்சு', 'ஒரு பாடி தேடணும்' என்று ஆட்கள் வருவார்கள். அது வணிக டைவிங், வேறு பயிற்சி, வேறு சாமான். சுற்றுலா டைவர் சான்றிதழோடு அதில் இறங்காதீர்கள்.

28 லட்சத்தை எப்படிப் பிரிப்பது? உங்கள் பயிற்சிக்கும் ஒரு சீசன் வீட்டுச் செலவுக்குமாக 6 லட்சம் ஒதுக்குங்கள். 8 லட்சத்தைத் தொடாமல் வங்கியில் போடுங்கள். முதல் வருடம் புயலிலோ அனுமதித் தாமதத்திலோ ஒரு சீசன் போனால் அதுதான் சம்பளம் கொடுக்கும். மிச்சம் 14 லட்சத்துக்குள் சாமான் அடங்கவில்லை என்றால் எட்டு செட்டை ஐந்தாகக் குறையுங்கள், படகை வாடகைக்கு எடுங்கள். கம்ப்ரசரிலும் ஆக்சிஜனிலும் குறைக்காதீர்கள்.

இந்த வாரம் இரண்டு வேலை: ராமநாதபுரம் அலுவலகத்தில் வரைபடம், காது மருத்துவர். தூத்துக்குடிக்காரருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் அந்த இயந்திரத்தை வைத்து மண்டபத்தில் டயருக்குக் காற்று அடிக்கும் கடை போடலாம், அதற்கு அது நன்றாகவே உழைக்கும்.